சுக்கான் யார் கையில்?

2009 ஜூலை 22, புதன்கிழமை. பீகாரில் பாட்னாவை அடுத்த தாரேகனா என்ற சிற்றூரில் விடியும் முன்பே கூட்டம் நெரிந்தது. ஆரியபட்டர் வானை ஆராய்ந்த மண் என்று அந்த வட்டாரம் நம்பும் ஊர் அது. முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க இந்தியாவிலேயே ஏற்ற இடம் என்ற பேச்சு பரவியதால் வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். காலை ஆறரை மணியை நெருங்கும்போது இருட்டியது. ஆனால் வானம் முழுக்கப் பருவமழை மேகம். கறுத்துப்போன சூரியனும் அதைச் சுற்றிப் படரும் வெண்ணொளியும் கடைசிவரை கண்ணில் படவில்லை.

அதே நிழல் கிழக்கே ஓடிச் சீனாவின் ஷாங்காய் நகரை அடைந்தபோது அங்கே மழை. பிறகு அது பசிபிக் பெருங்கடலுக்குள் இறங்கியது. ஜப்பானுக்குத் தெற்கே, இவோ ஜிமா தீவை ஒட்டிய கடலில் சில கப்பல்கள் காத்திருந்தன. அவற்றின் மேல்தளத்தில் நின்றவர்களுக்கு ஆறு நிமிடத்துக்கும் மேலாக முழுக் கிரகணம் கிடைத்தது. 6 நிமிடம் 39 விநாடி வரை நீண்ட அந்தக் கிரகணம்தான் இந்த நூற்றாண்டிலேயே மிக நீளமானது. தரையில் கோடிக்கணக்கானோரின் தலைக்கு மேல் கடந்துபோனதைக் கண்ணாரக் கண்டவர்களில் கப்பலில் போனவர்கள் ஒரு சிறு கூட்டம்.

கிரகணம் பார்க்கக் கப்பலில் போவது என்றதும் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நீச்சல்குளம், ஐந்து வேளைச் சாப்பாடு, இரவு நடனம் என்று விளம்பரங்கள் காட்டும் படங்களும் அந்த எண்ணத்தைத்தான் வளர்க்கின்றன. கிரகணத்துக்கும் கப்பலுக்கும் உள்ள உறவுக்கு வேறு காரணம் இருக்கிறது. கப்பல் நகரும். மேகம் வந்தால் விலகிப்போக அதனால் முடியும். கொடுக்கும் காசுக்கு அது ஒன்றுதான் உண்மையான பெறுமதி. கிரகண நாளன்று நகர மாட்டேன் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்ட கப்பலில் இடம் பிடிப்பதைவிட, கரையில் நல்ல ஊராகப் பார்த்து ஒரு வாடகை அறை எடுப்பது மேல்.

2026 ஆகஸ்ட் 12, 2027 ஆகஸ்ட் 2, 2028 ஜூலை 22 என்று மூன்று ஆண்டுகளில் மூன்று முழுக் கிரகணங்கள் வரிசையாக அமைந்திருக்கும் நேரத்தில், பயணத் திட்டம் போடும் குடும்பங்கள் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கப்பலேறிக் கிரகணம் தேடுவது புதிய பழக்கமும் அல்ல. 1870 டிசம்பர் 22 கிரகணத்துக்காக ஆங்கிலேய வானியலாளர் நார்மன் லாக்யர் தம் குழுவோடு சிசிலித் தீவுக்குப் புறப்பட்டார். அவர்களை ஏற்றிச் சென்ற 'சைக்கி' என்ற கடற்படைக் கப்பல் தீவின் கிழக்குக் கரையில் பாறையில் மோதித் தரைதட்டியது. ஆட்களும் கருவிகளும் தப்பினர். கிரகண நேரத்தில் மேகம் வந்து நிற்க, லாக்யருக்குக் கிடைத்தது ஓரிரு நொடிக் காட்சி மட்டுமே. அதே கிரகணத்துக்காகப் பிரெஞ்சு வானியலாளர் ஜூல்ஸ் ஜான்சென் செய்தது இன்னும் பெரிய துணிச்சல். அப்போது பாரிஸ் நகரம் பிரஷ்யப் படைகளின் முற்றுகையில் இருந்தது. அவர் பலூனில் ஏறி, எதிரிப் படையின் தலைக்கு மேலாகப் பறந்து தப்பி, அல்ஜீரியாவின் ஓரான் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் மேகம்.

இருவரும் சோர்ந்துவிடவில்லை. மறு ஆண்டே, 1871 டிசம்பர் 12 கிரகணத்துக்காக இருவரும் நம் பக்கம் வந்தார்கள். ஜான்சென் நீலகிரியில் சோலூரைத் தேர்ந்தெடுத்தார். லாக்யரின் குழு இங்கிலாந்திலிருந்து நீராவிக் கப்பலில் இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து பல கூறாகப் பிரிந்தது. ஒரு பிரிவு யாழ்ப்பாணத்துக்கும் ஒன்று திருகோணமலைக்கும் போயின. இன்னொன்று புதுக்கோட்டைக்கு வந்தது. லாக்யர் மலபார்க் கரையிலுள்ள பேக்கல் கோட்டைக்குப் போனார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் அவிநாசியில் கருவிகளோடு காத்திருந்தார். அவருடைய உதவியாளரும் தமிழக வானியலின் மறக்கக் கூடாத பெயருமான சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் அங்கே இருந்தார். எல்லோரும் ஒரே இடத்தில் குவியாமல் பரந்து நின்றதன் காரணம் எளிது. ஒரு ஊரில் மேகம் மூடினாலும் இன்னொரு ஊரில் வானம் திறந்திருக்கும். அன்று பல இடங்களில் ஆட்களை நிறுத்திச் செய்ததை இன்று ஒரே கப்பல் இடம் மாறிச் செய்கிறது.

பொதுமக்களுக்கான கிரகணக் கப்பல் என்ற வழக்கம் வேரூன்றியது 1972இல். அந்த ஆண்டு ஜூலை 10 கிரகணத்துக்காக 'ஒலிம்பியா' என்ற கிரேக்கக் கப்பல் நியூயார்க்கிலிருந்து வட அட்லாண்டிக்குக்குப் புறப்பட்டது. டெட் பெடாஸ், பில் சிக்லர் ஆகிய இரு அமெரிக்கர்கள் ஏற்பாடு செய்த பயணம் அது. 800க்கும் மேற்பட்ட பயணிகள். அவர்களுக்குச் சொற்பொழிவாற்ற நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கே கப்பலில் இருந்தார். துறைமுகங்களைச் சுற்றிக் காட்டுவதற்காக அல்லாமல் நடுக்கடலில் ஒரு புள்ளியை அடைவதற்காகவே புறப்பட்ட கப்பல் அது. அடுத்த ஆண்டு ஜூன் 30 கிரகணத்துக்கு 'கான்பெரா' கப்பல் மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரம் போனது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் அந்தப் பயணிகளில் ஒருவர். விமானத்தில் ஏற அஞ்சிய அவருக்குக் கப்பல்தான் ஒரே வழி.

1973இன் அந்தக் கிரகணத்தை வேறொரு கூட்டமும் துரத்தியது. ஆராய்ச்சியாளர்களை ஏற்றிக்கொண்ட கான்கார்டு விமானம் ஆப்பிரிக்காவின் மேலே நிழலோடு சேர்ந்து பறந்து, 74 நிமிடம் முழுக் கிரகணத்துக்குள்ளேயே இருந்தது. தரையில் நின்றவர்களுக்கு அன்று கிடைத்த அதிக நேரம் ஏழு நிமிடத்தைச் சற்றே தாண்டும். கப்பலுக்கு இந்த வேகம் எக்காலத்திலும் வராது. நிலவின் நிழல் மணிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பயணிக் கப்பல் 20 நாட் வேகத்தில் போனால் மணிக்கு 37 கிலோமீட்டர். ஆகவே கப்பல் நிழலைத் துரத்துவதில்லை. நிழல் வரும் பாதையில் மேகமில்லாத ஓர் இடைவெளியைத் தேடிப் போய் அங்கே நிற்கிறது. முந்தைய மாலையில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து முடிவெடுத்தால் விடிவதற்குள் 400 கிலோமீட்டர் இடம் மாறலாம். கடைசி ஒரு மணி நேரத்தில்கூட ஒரு மேகத்திட்டைச் சுற்றிக்கொண்டு அப்பால் போகலாம். வலை வீசப் போகும் மீனவர் வானத்தைப் பார்த்து அணியத்தைத் திருப்புகிறாரே, அதே வேலைதான்.

இதைச் செய்ய மூன்று பேர் ஒன்றாக உட்கார வேண்டும்: பாதைக் கணக்கு தெரிந்த வானியலாளர், மேகம் படிக்கத் தெரிந்த வானிலையாளர், சுக்கானுக்குப் பொறுப்பான கேப்டன். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் கிரகணக் கணக்குகளைப் பல்லாண்டுகள் வகுத்துத் தந்தவர் ஃபிரெட் எஸ்பெனாக். எந்த மாதத்தில் எந்தக் கரையில் எவ்வளவு மேகம் இருக்கும் என்பதைத் தொகுத்தவர் கனடாவின் ஜே ஆண்டர்சன். இவர்கள் இருவரின் உழைப்பால்தான் இன்றைக்குச் சாதாரணப் பயணியும் ஊரூராக ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

கப்பல் போனால் காட்சி உறுதி என்று யாரும் சொல்ல முடியாது. 2021 டிசம்பர் 4 கிரகணம் அண்டார்டிகா மேல் விழுந்தது. அதற்காகத் தென்கடலுக்குள் போன கப்பல்களில் பெரும்பாலானவை மேகத்துக்கு அடியிலேயே நின்றன. கண்டத்தின் உள்ளே பனிக்கட்டி மேல் முகாமிட்டிருந்தவர்களுக்கு வானம் திறந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு மேகம் ஒரே போர்வையாகக் கிடக்கும் கடலில் சுக்கான் இருந்தும் பயனில்லை. எனவே கடலைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை, கப்பலைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு.

2027ஐ எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டிலிருந்து போக நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அருகில் இல்லை. நிழல் அட்லாண்டிக்கிலிருந்து வந்து ஜிப்ரால்டர் நீரிணைக்குள் நுழைகிறது. ஸ்பெயினின் தென்முனை, மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, லிபியா, எகிப்து, செங்கடல், சவூதியின் ஜித்தா, மக்கா, ஏமன், சோமாலியா என்று போய் இந்தியப் பெருங்கடலில் முடிகிறது. எகிப்தின் லக்சோர் அருகே முழு மறைப்பு 6 நிமிடம் 23 விநாடி. சென்னையிலும் மதுரையிலும் அன்று மாலை சூரியனின் ஓரம் சற்றுக் கடிபட்டதுபோல் தெரியும், அவ்வளவே.

இந்தப் பாதையில் கப்பல் எங்கே நிற்க வேண்டும்? பலரும் சொல்வது ஜிப்ரால்டர் நீரிணை. ஒரு பக்கம் ஐரோப்பா, மறுபக்கம் ஆப்பிரிக்கா, நடுவில் கறுத்த சூரியன் என்ற கற்பனையே மயக்கும். அங்கே ஸ்பெயின் நேரப்படி காலை 10.45 மணி வாக்கில், நான்கரை நிமிடத்துக்கும் மேல் முழு மறைப்பு கிடைக்கும். ஆனால் அந்த நீரிணைக்கு ஒரு குணம் உண்டு. நம் கடற்கரையில் கொண்டல் என்று சொல்லும் கீழைக்காற்றை அங்கே லெவாந்தே என்கிறார்கள். அது ஈரத்தைச் சுமந்துவந்து ஜிப்ரால்டர் பாறையின் தலையில் மேகத்தைத் தொங்கவிடும். கோடையிலும் இது வழக்கம். லெவாந்தே வீசும் நாளில் நீரிணைக்குள்ளேயே நங்கூரம் பாய்ச்சி நிற்பது வீம்பு. மேற்கே அட்லாண்டிக் பக்கமோ கிழக்கே அல்போரான் கடல் பக்கமோ நகரத் தயாராக இருக்கும் கப்பல்தான் அங்கே வேண்டும். செவில், கிரனாடா போன்ற புகழ்பெற்ற ஊர்கள் பாதைக்கு வெளியே இருக்கின்றன என்பதையும் டிக்கெட் வாங்கும் முன் வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லக்சோர் கதை வேறு. ஆகஸ்டில் அங்கே மேகம் என்பதே அபூர்வம். வெயில் 40 பாகையைத் தாண்டும். அங்கே நைல் நதியில் லக்சோருக்கும் அஸ்வானுக்கும் இடையே ஓடும் படகுகளில் தங்கலாம். அந்தப் படகு நகர வேண்டிய அவசியமே இல்லை. அது நிழலும் குடிநீரும் கழிப்பறையும் உள்ள ஒரு நல்ல விடுதி, அது போதும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கும். மேல்தளத்தில் கட்டியிருக்கும் பந்தலைப் பிரிப்பார்களா?

பயண நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாமே இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் இருக்கின்றன. கிரகண நாளில் கப்பல் கடலில் இருக்குமா, துறைமுகத்தில் இருக்குமா? துறைமுகம் என்றால் அது மிதக்கும் ஹோட்டல். 'கடலில்' என்றால் அடுத்த கேள்வி: மேகம் மூடினால் பாதையை மாற்றும் உரிமை கேப்டனுக்கு உண்டா, அதற்கான நேரம் பயண அட்டவணையில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? காலை எட்டு மணிக்கு ஒரு துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டுப் பத்தே முக்காலுக்கு நிழலுக்குள் இருக்க வேண்டிய கப்பலால் எவ்வளவு தூரம்தான் விலக முடியும்? முந்தைய நாள் முழுவதும் கடலில் இருக்கும் அட்டவணைதான் நம்பத் தகுந்தது. கிரகணம் என்ற சொல்லை விளம்பரத்தில் பெரிதாகப் போட்டுவிட்டு இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்பவரிடம் பணம் கட்டக் கூடாது.

மற்றவை அடுத்தபடி. கடலில் காற்றின் வேகத்தோடு கப்பலின் வேகமும் சேர்ந்து தளத்தில் நிற்பவரைத் தள்ளும். காற்றின் திசையிலேயே மெதுவாக மிதக்கவிட்டால் தளம் அமைதியாக இருக்கும். புகைபோக்கியிலிருந்து வரும் புகை சூரியனின் குறுக்கே போகாதபடி கப்பலைத் திருப்பி நிறுத்த வேண்டும். தளவிளக்குகளையும் இசையையும் அணைக்க வேண்டும். இருட்டியதும் தானாக எரியும் விளக்குகள் பல கப்பல்களில் உண்டு. அவற்றை முன்கூட்டியே நிறுத்தாவிட்டால் எல்லோரும் காத்திருந்த அந்த நிமிடத்தில் தளமெங்கும் வெளிச்சம் பாயும். நாலாயிரம் பேர் ஏறும் பெரிய கப்பலில் அத்தனை பேருக்கும் திறந்த தளத்தில் இடம் இருக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய பால்கனி அறை, சூரியன் எதிர்ப்பக்கம் இருந்தால் எதற்கும் உதவாது.

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பல் அசையும், இயந்திரம் அதிரும். தரையில் எடுப்பதுபோல் நீண்ட ஒளியேற்றப் படங்கள் கடலில் அமையாது. முதன்முறை பார்ப்பவர்கள் கேமராவை அறையில் வைத்துவிட்டு ஒரு இருநோக்கியோடு வருவது நல்லது. முழு மறைப்புக்கு முன்னும் பின்னும் சர்வதேசத் தரச் சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்க்கவே கூடாது. முழுதாக மறைந்த பிறகு, அந்தச் சில நிமிடம் மட்டும், வெறுங்கண்ணால் பார்க்கலாம். பார்க்கவும் வேண்டும். கண்ணாடியைக் கழற்று, மறுபடி போடு என்று ஒலிபெருக்கியில் சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் கப்பலில் இருக்கிறாரா என்பது சாப்பாட்டுப் பட்டியலைவிட முக்கியம்.

தமிழ்நாட்டு வாசகர்களில் பலர் கிரகணம் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2010 ஜனவரி 15இல் தனுஷ்கோடியிலும் கன்னியாகுமரியிலும், 2019 டிசம்பர் 26இல் கோவை, கரூர், திண்டுக்கல் பக்கமும் அவர்கள் கண்டது கங்கணக் கிரகணம். அழகான நெருப்பு வளையம் அது, மறுப்பதற்கில்லை. 2031 மே 21இல் மதுரைக்கு அது மறுபடியும் வரும். ஆனால் அது முழுக் கிரகணத்தின் இன்னொரு வடிவம் அல்ல. முற்றிலும் வேறு அனுபவம். சூரியன் முழுநிலவைப்போல் நான்கு லட்சம் மடங்கு ஒளி மிக்கது. 99 சதவீதம் மறைந்தாலும் மிஞ்சும் ஒரு சதவீதம் ஏறத்தாழ நாலாயிரம் முழுநிலவுக்குச் சமம். வானம் இருட்டாது. சூரியனைச் சூழ்ந்த மெல்லிய ஒளிவட்டம் ஏறக்குறைய ஒரு முழுநிலவு அளவே ஒளிர்வது. கடைசித் துளி மறைந்தால்தான் அது வெளியே வரும். அப்போது பகலில் விண்மீன் தெரியும், வெப்பம் சட்டென்று இறங்கும். கடலின் நடுவே என்றால் இன்னொன்றும் உண்டு. மறைக்க மலையோ மரமோ இல்லாததால் மேற்கிலிருந்து நிழல் நீரின் மேல் ஓடிவருவதையே பார்க்கலாம். அது வந்து மூடியதும் தொடுவானம் முழுவதும், எட்டுத் திசையிலும் ஒரே நேரத்தில் அந்திச் செம்மை.

பூமியின் ஏதாவது ஓர் இடத்துக்கு இது சராசரியாக 375 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. இந்தியாவுக்குள் அடுத்த முழுக் கிரகணம் 2034 மார்ச் 20, அதுவும் காஷ்மீர், லடாக் பகுதியில். நம் வாசலுக்கு அது வரும் என்று காத்திருப்பது தலைமுறைகள் கடந்தும் பலிக்காது. நாம்தான் போக வேண்டும்.

எல்லோரும் கப்பலில்தான் போக வேண்டும் என்பதில்லை. கப்பல் எரிக்கும் எண்ணெயும் விடும் புகையும் சிறியவை அல்ல. மத்தியதரைக் கடலில் செல்லும் கப்பல்களின் எரிபொருளில் கந்தகத்துக்கு 2025 மே முதல் கடுமையான வரம்பு வந்திருப்பது நல்ல செய்தி; ஆனாலும் சுமை சுமைதான். மேகமில்லாத தரை கிடைக்கும்போது தரையே சரி. 2028 கிரகணம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர் மேலேயே போகிறது. அங்கே உறவினர் உள்ள குடும்பங்கள் ஏராளம். அவர்கள் கார் எடுத்துக்கொண்டு, மேகம் இல்லாத பக்கமாகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கப்பல் யாருக்குப் பொருந்தும் என்றால், அறுபதைக் கடந்து, பாலைவன வெயிலில் ஐந்து மணி நேரம் நிற்க முடியாதவர்களுக்கு. மூட்டுவலியோடு ஊர்விட்டு ஊர் வண்டி மாற முடியாதவர்களுக்கு. மருத்துவர் உள்ள கப்பலில், பத்தடி நடந்தால் தளத்துக்கு வந்துவிடலாம் என்ற வசதி அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல.

செலவு சில லட்சங்களைத் தொடும், அதனால் கணக்கு தெளிவாக இருக்க வேண்டும். மேகம் மூடிவிட்டால் பணம் திரும்ப வராது; எந்த ஒப்பந்தத்திலும் அதை எதிர்பார்க்க முடியாது. ஸ்பெயினில் ஏறி மொராக்கோவில் இறங்கி மீண்டும் ஸ்பெயினுக்கு வரும் பயணம் என்றால், ஷெங்கன் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். 2027 கிரகணத்துக்கு பிப்ரவரி தொடக்கம் என்று குறித்துக்கொள்ளலாம். கப்பல் அறைகளோ அதற்கு வெகு முன்பே தீர்ந்துபோகும். விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்ட வேண்டும். கிரகணத்துக்கு முந்தைய நாள் போய் இறங்கும் விமானத்தில் சீட்டு போடக் கூடாது. நிழல் தாமதமான விமானத்துக்காகக் காத்திருக்காது.

2027 ஆகஸ்ட் 2 காலை, அந்த நிழல் ஓரான் நகரின் மேலும் போகிறது. 1870இல் ஜான்சென் பலூன் ஏறித் தப்பி வந்து மேகத்தை அண்ணாந்து பார்த்து நின்ற அதே ஓரான். இம்முறை அங்கே ஏறத்தாழ ஐந்து நிமிடம் இருள் நிற்கும். அவருக்கு அன்று நகர வழியில்லை; கருவிகளை இறக்கி வைத்த இடத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. அந்தக் கரைக்கு எதிரே அல்போரான் கடலில் காத்திருக்கும் கப்பல்களுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் திறந்த நீர் கிடக்கிறது.